மூடிய வேனுக்குள் கரித் தணல்: ஏற்காட்டில் ஒரு மார்கழி இரவு (நிகழ்வு ஆய்வு)

வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாழும் சேலத்துத் தம்பதி ஒருவர், பனிக்காலத்தில் தெற்கே இறங்குவதற்கு முன் ஏற்காட்டில் தங்கியிருந்தபோது, கரி எரியும்போது வெளிவரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு ஆளானார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள். நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் வண்டியைப் பிறகு சோதித்துப் பார்க்க என்னை அழைத்தார்கள். இருவரிடமும், எஸ்டேட் காவலாளியிடமும் தனித்தனியாகப் பேசி, மருத்துவமனைக் காகிதங்களையும் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

கணவருக்கு 62 வயது. இரும்பு ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. மனைவிக்கு 57, ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். மகள் சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேனில் குடியேறியதில் இருந்து அவர்களுடைய ஆண்டு ஒரே மாதிரிதான் நகர்கிறது. சேலம் கொதிக்கும் சித்திரை, வைகாசியில் மலை. பனி தொடங்கியதும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று இறங்கி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரிக் கடலோரத்தில் தை, மாசியைக் கழிப்பது. பங்குனியில் திரும்புவது.

வழக்கமாகக் கார்த்திகை முடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அந்த ஆண்டு தென் மாவட்டங்களில் மழை நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட் இருந்தது. பழம் பறிக்கும் நேரம், வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போங்கள் என்று அவரும் கூப்பிட, மார்கழி தொடக்கத்தில் மலை ஏறினார்கள்.

வண்டி

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, வேறு ஊர்ப் பட்டறை ஒன்றில் உள்பாடி கட்டியிருந்தார்கள். பின்பக்கம் படுக்கை, நடுவில் பெஞ்சும் மடக்கு மேசையும், கதவை ஒட்டிச் சின்ன அடுப்படி. 5 கிலோ கேஸ் சிலிண்டர் வெளியே திறக்கும் தனிப் பெட்டியில் இருந்தது. கூரையில் இரண்டு சோலார் பலகைகளும் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியோடு ஒரு திறப்பும் இருந்தன. தரையை ஒட்டி ஒரு துளை, அதன் பக்கத்தில் கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. குளிர் உள்ளே வராமல் இருக்கச் சுவருக்குள் நுரைப் பலகையும் கதவுகளுக்கு ரப்பர் பட்டையும் வைத்திருந்தார்கள்.

கதவை அடைத்தால் காற்று நுழைய அந்தக் கூரைத் திறப்பும் தரைத் துளையும்தான் வழி. உள்ளே இருக்கும் மொத்தக் காற்று ஏறக்குறைய 10 கன மீட்டர். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

மலையில் முதல் நாட்கள்

முதல் இரண்டு நாட்கள் நல்ல வெயில். அதற்கப்புறம் மூடுபனி இறங்கி நகரவே இல்லை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், சரிவு ஒன்றின் அடியில் வண்டியை நிறுத்தியிருந்ததால் பகலில் கிடைத்த கொஞ்ச வெளிச்சமும் பலகைக்கு எட்டவில்லை. மூன்றாவது நாள் பேட்டரி பாதிக்குக் கீழே போனது. நான்காவது நாள் கணவர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்கினார். ஃபிரிட்ஜை அணைத்தார், மின்கம்பளியை எடுத்து வைத்தார், கூரை விசிறியை நிறுத்தினார்.

விசிறி நின்ற திறப்பு வழியாகத் தூறல் சொட்டியது. அதை மூடி, ஓரத்தில் டேப் ஒட்டினார். தரைத் துளை வழியாகச் சில்லென்று காற்று வந்தது. எலி ஏறும் என்ற பயமும் இருந்ததால் மனைவி அதில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்தார். இரண்டுமே யாரும் செய்யக்கூடிய காரியங்கள்தான். ஆனால் அன்று மாலைக்குள் அந்த வேன் காற்றுப் புகாத பெட்டியாகிவிட்டது. அது இருவருக்கும் தோன்றவில்லை.

முதல் அறிகுறி

நான்காவது நாள் இரவு வெளியே கரி அடுப்பில் கோழி வாட்டினார்கள். சாப்பிட்டு முடித்ததும் மிச்சக் கங்குகளை ஒரு இரும்புச் சட்டியில் அள்ளி, மேலே கொஞ்சம் சாம்பல் போட்டு, வேனுக்குள் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டார்கள். மலையில் பலரும் செய்வதுதான், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் அன்றைக்கும் தணல் இருந்தது. அந்த வீடுகளின் ஓட்டுக் கூரையில் ஆயிரம் இடுக்கு. வேனில் ஒன்றுகூட இல்லை. அன்றிரவு மட்டும், புகை வாடை லேசாக அடித்ததால் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தார்கள்.

காலையில் இருவருக்கும் தலைவலி. கணவருக்குக் குமட்டலும் இருந்தது. பனி தலையில் இறங்கிவிட்டது என்றார் மனைவி. கோழி சரியாக வேகவில்லை என்றார் கணவர். கஷாயம் குடித்துவிட்டு, காபி பறிப்பதைப் பார்க்கத் தோட்டத்துக்குள் நடந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் தலைவலி போய்விட்டது.

இந்தக் காலையைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கார்பன் மோனாக்சைடு நச்சின் தொடக்கம் அப்படியே ஜலதோஷம் மாதிரியோ வயிற்றுக் கோளாறு மாதிரியோதான் இருக்கும். தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல். காய்ச்சல் மட்டும் இருக்காது. ஒரே இடத்தில் தூங்கிய இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்ததும், வெளிக்காற்றில் நடந்ததும் தானாகவே போனதும் இரண்டு பெரிய துப்புகள். ஆனால் மலை, குளிர், வளைவுச் சாலை, வெளிச்சாப்பாடு என்று ஏற்காட்டில் தலைவலிக்குக் காரணம் சொல்ல ஆயிரம் இருக்கும்போது யார் தணலைச் சந்தேகிப்பார்கள்?

இரண்டாவது இரவு

மறுநாள் குளிர் கூடியது. வண்டிக்குள் இருந்த வெப்பமானி 13 டிகிரி காட்டியது. இந்த முறை கோழி இல்லை, குளிர்காய்வதற்கென்றே கரி பற்ற வைத்தார்கள். வெளியிலேயே நன்றாகக் கனலவிட்டு, புகை முழுக்க அடங்கிய பிறகே சட்டியை உள்ளே எடுத்தார்கள். புகையும் வாடையும் இல்லாததால் கதவை முழுக்கச் சாத்தினார்கள். அப்போது மணி ஒன்பதரை.

புகை அடங்கிய கரி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். சாம்பல் பூத்துச் செக்கச் சிவந்து கனலும் தணலில்தான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 10 கன மீட்டர் காற்றில் வெறும் 10 கிராம் கலந்தால் அளவு 850 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 850 பங்கு) தாண்டிவிடும். 800 பிபிஎம்மில் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும், இரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும் என்பது பாதுகாப்புப் பயிற்சியில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. ஒரு சட்டி நிறையக் கரியில் இருந்து 10 கிராமுக்கு மேல் இந்த வாயு வருவது மிக எளிது. நல்லவேளையாக அன்று போட்ட கரி குறைவு, அதுவும் பாதி இரவில் சாம்பலாகி அடங்கிவிட்டது.

இரவு ஒன்றரை மணிக்கு மனைவி சிறுநீர் கழிக்க எழுந்தார். கால் தரையில் ஊன்றவில்லை. மேசையைப் பிடித்து, கதவைத் தள்ளித் திறந்து வெளியே இறங்கினார். கழிப்பறை எஸ்டேட் குடியிருப்புப் பக்கம் இருந்ததால் போய்வரப் பத்து நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் தலை கொஞ்சம் தெளிந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் மறுபடி மண்டை இடித்தது. தண்ணீர் குடிக்க எழுந்தவர், சந்தேகம் வந்து வெளியே போய் நின்று பார்த்தார். தெளிந்தது. உள்ளே வந்தார். சுற்றியது.

"ஏங்க, எந்திரிங்க. உள்ள வந்தா தலை சுத்துது, வெளிய போனா சரியாயிருது. இங்க என்னமோ இருக்குதுங்க."

கணவர் கண்ணைத் திறந்தார், ஆனால் எழவில்லை. "பனிம்மா, படு" என்று குழறியிருக்கிறார். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தலைமாட்டில் இருந்தது. மனைவி அதை அவர் விரலில் மாட்டினார். 98 காட்டியது. கேஸ் அலாரத்தைப் பார்த்தார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கருவிகளும் எல்லாம் நலம் என்றன.

மனைவி எடுத்த முடிவு

கருவிகளை ஓரம் வைத்துவிட்டு, தன் உடம்பு சொன்னதை அவர் நம்பினார். கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துபோட்டார். சட்டியைக் கரித்துணியால் பிடித்து வெளியே எறிந்தார். கணவரைத் தோளில் கைகொடுத்து இழுத்துப் படியில் உட்கார வைத்தார். வெளியே வந்ததும் கணவர் வாந்தி எடுத்தார், சில நிமிடங்கள் யாரோடு பேசுகிறோம் என்றே அவருக்குப் புரியவில்லை. சத்தம் கேட்டுக் காவலாளி ஓடிவந்தார்.

பதினைந்து நிமிடத்தில் கணவர் ஓரளவு தெளிந்து, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு சேலம் போய்விடுகிறேன் என்று சாவியைக் கேட்டார். மனைவி கொடுக்கவில்லை. காவலாளியும் அவர் பக்கம் நின்றார். "சார், இந்தப் பனியில பகல்லயே ஓட்ட முடியாது, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு 108-ஐ அழைத்தார். இது மிகச் சரியான முடிவு. இந்த நச்சு மூளையின் நிதானத்தையும் கெடுக்கும். பாதிக்கப்பட்டவருக்குத் தான் நன்றாக இருப்பதாகத் தோன்றலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளை அந்த நிலையில், மூடுபனியில் இறங்கியிருந்தால் இந்த ஆய்வை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளரின் விரல்கருவியும் 97 காட்டியது. அவர் அதோடு நிற்கவில்லை. "உள்ள என்ன எரிஞ்சுது?" என்று கேட்டார். காவலாளி டார்ச் அடித்து, புல்லில் கவிழ்ந்து கிடந்த சட்டியைக் காட்டினார். உடனே இருவருக்கும் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டினார். அந்த ஒரே கேள்விதான் சிகிச்சையைத் தொடங்கி வைத்தது.

மருத்துவமனையில்

சேலத்தில் சேர்த்தபோது விடியக்காலை. ரத்தத்தை எடுத்து, அதற்கென்று உள்ள கருவியில் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்ஸிஜன் வாங்கிய பிறகும், கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் கணவருக்கு 19 சதவீதம், மனைவிக்கு 11 சதவீதம் இருந்தது. மலையில் அது இன்னும் கணிசமாக அதிகமாக இருந்திருக்கும்.

விரல்கருவி ஏன் பொய் சொன்னது என்பதை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கருவி வீட்டுக்கு வீடு இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும். விரல்கருவி வெறும் இரண்டு அலைநீள ஒளியை விரலில் செலுத்தி, ரத்தத்தின் நிறத்தை வைத்து ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. நச்சு ஏறிய ஹீமோகுளோபினை அதனால் பிரித்தறிய முடியாது, ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். கணவருடைய உடம்பு ஆக்ஸிஜன் போதாமல் திணறிக்கொண்டிருந்தபோதும் 98 வந்தது இதனால்தான்.

ஆக்ஸிஜன் முகமூடி எதற்கு என்றால், வெறும் காற்றைச் சுவாசித்தால் இந்த நச்சு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் இதயம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஈசிஜியும் ரத்தச் சோதனையும் செய்தார்கள். பாதிப்பு இல்லை. மறுநாள் மாலை அனுப்பினார்கள். ஆனால் மறதி, தடுமாற்றம், நடையில் மாற்றம் எதுவானாலும் சில வாரங்கள் வரை வரக்கூடும், கவனியுங்கள் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அதன்படியே மகள் வீட்டில் தங்கினார்கள். இரண்டாவது வாரத்தில் கணவர் வரவு செலவு எழுதும்போது கூட்டலில் தடுமாறினார், பழகிய பெயர்களுக்கு யோசித்தார். மறுபடி காட்டினார்கள். பொங்கல் கழிந்து தை நடுவில் அது முழுக்கச் சரியானது. மருத்துவர் பச்சைக்கொடி காட்டும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மனைவி உறுதியாக இருந்தார்.

வண்டியைச் சோதித்தபோது

எஸ்டேட்டில் இருந்து ஓட்டுநர் ஒருவர் இறக்கி வந்த வண்டியை அப்படியே பார்த்தேன். கூரையில் டேப், தரைத் துளையில் துணி. கேஸ் அலாரத்துக்குப் பக்கத்தில் லைட்டர் வாயுவைக் கொஞ்சம் திறந்துவிட்டேன், உடனே கத்தியது. அது பழுதாகவே இல்லை. சமையல் கேஸுக்கான அலாரம், சமையல் கேஸுக்கு மட்டும் கத்தியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். அதனால்தான் அலாரமும் துளையும் கீழே இருந்தன. கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடைதான். சூட்டோடு கிளம்பி எல்லா இடத்திலும் கலந்துவிடும். அதற்குத் தனி உணரி வேண்டும். கடையில் வாங்கும்போது பெட்டியின் மேல் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால், நிம்மதியை மட்டும்தான் வாங்குகிறோம்.

கணவர் ஆலையில் இருந்த காலம் முழுக்க உலைப் பக்கம் போகும்போது கார்பன் மோனாக்சைடு மானியைச் சட்டையில் மாட்டியிருந்தவர். பிறகு ஏன் தோன்றவில்லை என்று கேட்டேன். "அங்க அது வாயுங்க. இங்க அது குளிர்காயற நெருப்பு. எங்கப்பா காலத்துல இருந்து பாத்தது" என்றார். இதை அலட்சியம் என்று நான் எழுத மாட்டேன். ஆலையில் வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை இருக்கும், வீட்டில் யாரும் மாட்டுவதில்லை.

என் பார்வையில் இந்த விபத்து கரியில் தொடங்கவில்லை, பேட்டரியில் தொடங்கியது. வெயில் இல்லாததால் மின்சாரம் இல்லை, மின்சாரம் இல்லாததால் விசிறியும் மின்கம்பளியும் இல்லை, அதனால் கரி. கரி கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த குளிர் இரவில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வார்கள், இல்லையென்றால் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவார்கள். இரண்டும் இதே நச்சில்தான் கொண்டுபோய் விடும்.

செய்த மாற்றங்கள்

படுக்கையின் தலை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், அடுப்படிப் பக்கம் இன்னொன்றும் மாட்டினார்கள். கூரையிலும் தரையிலும் மூடவே முடியாத காற்றுத் துளைகள் வைத்தார்கள். மழை இறங்காதபடி மேலே தொப்பியும் எலி ஏறாதபடி கீழே கம்பி வலையும் போட்டதால், டேப்புக்கும் துணிக்கும் இனி அவசியம் இல்லை. வண்டி ஓடும்போது, இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில் இருந்து உள்ளே பயன்படுத்தும் பேட்டரி சார்ஜ் ஆகும்படி இணைப்புக் கொடுத்தார்கள். மூடுபனியில் சிக்கினால் கீழே குப்பனூர் வரை இறங்கி ஏறினாலே ஒரு இரவுக்குத் தேவையானது ஏறிவிடும் என்பது கணவரின் கணக்கு. பகலில் ஓட்டுவதற்கு மட்டும்.

குளிருக்கு நல்ல கம்பளிகளும் இரண்டு வெந்நீர்ப் பைகளும் வாங்கினார்கள். கரி அடுப்பைக் காவலாளிக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் வீட்டில் அது திண்ணையில் மட்டும்தான் எரிய வேண்டும் என்று மனைவி சொல்லிக் கொடுத்தாராம்.

மார்கழிக்கு முன் மலையை விட்டு இறங்குவது இனி கட்டாயம். தெற்கே மழை என்றால் நாமக்கல்லிலோ கரூரிலோ காத்திருப்பார்கள். தை கடைசியில் கிளம்பி, மதுரையில் இரண்டு நாள் தங்கி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு காலை அடுப்படி அலாரம் கத்தியது. கதவு மூடியிருக்க இரண்டு பர்னரிலும் நெடுநேரம் பாத்திரம் இருந்தது. கதவைத் திறந்ததும் அடங்கியது. அதன் பிறகு கதவைத் திறக்காமல் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.

இன்னும் ஆக வேண்டியது

மலையில் அறை வாடகைக்கு விடுபவர்கள் சிலர் விருந்தினர் கேட்டால் கரிச் சட்டியை அறைக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். இதை நிறுத்தச் சொல்லி எஸ்டேட் உரிமையாளர் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசிவருகிறார். சிலர் கேட்டுக்கொண்டார்கள், சிலர் இத்தனை காலமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள்.

உள்பாடி கட்டிய பட்டறைக்காரர் நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, இனிக் கட்டும் வண்டிகளில் மூட முடியாத துளையும் இரண்டு வகை அலாரமும் வைப்பதாக ஒப்புக்கொண்டார், அடுத்த வண்டியில் வைத்தும் விட்டார். இதற்கு முன் அவர் கட்டிக் கொடுத்தவற்றில் தரைத் துளையும் கேஸ் அலாரமும் மட்டும்தான் இருக்கின்றன. அந்த உரிமையாளர்களின் தொலைபேசி எண்கள் அவருடைய பில் புத்தகத்தில் உள்ளன. அடுத்த மார்கழிக்குள் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை.